நோய் யாருடையது?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017 முதல் எட்டு ஆண்டுகளாக வசூலித்துவந்த 18 சதவீத வரி அது. வாழ்வின் நிச்சயமின்மைக்கு வரி போடுவதாகும் இது என்று ஊழியர் சங்கம் ஒன்று சொன்னதை எடுத்துக்காட்டி, அமைச்சர் நிதின் கட்கரி 2024 ஜூலையில் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதியபிறகு விவாதம் சூடுபிடித்தது. வரி போனது நல்லது. ஆனால் விவாதம் முழுவதும் ரசீதின் கடைசி வரியைப் பற்றியே நடந்து முடிந்துவிட்டது. அதற்கு மேலே இருக்கும் தொகை எப்படி முடிவாகிறது, முப்பது வயதில் கட்டியதைப் போலப் பல மடங்கை அறுபத்தைந்து வயதில் ஏன் கட்ட வேண்டியிருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. 60 வயது கடந்தவர்களுக்கு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்றுவதானால் முன்கூட்டியே தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் ஆண்டுக்குப் பத்து சதவீதமாக ஏறினாலும் ஏழெட்டு ஆண்டுகளில் தொகை இரட்டிப்பாகிவிடும். வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கு வரும் வட்டி அப்படி ஏறுவதில்லை. இந்தக் கணக்குகளுக்கெல்லாம் அடியில் ஓர் அறக் கேள்வி கிடக்கிறது: ஒருவருக்கு வந்த நோயை அவருடைய சொந்தப் பற்றுக்கணக்கில் எழுதுவது நியாயமா? நியாயமில்லை என்பதே என் பதில்.

காப்பீட்டு விண்ணப்பப் படிவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். வயது, உயரம், எடை. சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தைராய்டு உண்டா, அறுவைச் சிகிச்சை செய்ததுண்டா, புகைப்பீர்களா. ஒவ்வொரு கட்டத்திலும் ‘ஆம்’ என்று குறித்தால் அதற்கொரு விலை உண்டு. பிரீமியம் கூடும், அல்லது அந்த நோய்க்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அல்லது பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும், சில நேரம் பாலிசியே கிடைக்காது. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்ததும், 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி எடுக்க இருந்த தடையை நீக்கியதும் 2024இல் நடந்த நல்ல மாற்றங்கள். ஆனால் வாங்கலாம் என்ற உரிமை, வாங்க முடியாத விலையோடு சேர்ந்தே வந்தது. இந்த முறையை ஆதரிப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. சிவகாசித் தீப்பெட்டி ஆலைக்கும் தூத்துக்குடி உப்புக் கிடங்குக்கும் ஒரே தீக்காப்பீட்டு பிரீமியம் வாங்குவதை யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆபத்து கூடினால் விலையும் கூடத்தானே வேண்டும் என்கிறார்கள். தீக்கு அது சரி. தீப்பெட்டித் தொழிலை ஒருவர் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார். கூடுதல் பிரீமியத்தைத் தீப்பெட்டியின் விலையில் சேர்த்துவிடவும் முடியும். உடம்பை யாரும் கடையில் பார்த்து எடுக்கவில்லை. முதுமையை யார் தலையிலும் கட்டிவிட முடியாது. ஆலையையும் ஆளையும் ஒரே தராசில் வைக்கும்போதே வாதம் பிசகிவிடுகிறது.

நம் மண்ணில் இந்த வாதத்துக்கு மிகப் பழைய துணை ஒன்று இருக்கிறது. ‘அவரவர் வினை’ என்ற சொல் அது. காப்பீட்டுக் கணக்கியலாளர் ‘அவரவர் ஆபத்து’ என்பதை ஊர் ‘அவரவர் தலையெழுத்து’ என்கிறது. நோயாளியைத் தனியே விடுவதில் இரண்டும் ஒன்றுதான். வினைக் கொள்கையை உள்ளிருந்தே சோதித்தவர் புத்தர். படும் துன்பமெல்லாம் முன்வினையால் வருவதுதானா என்று சீவகர் என்ற நாடோடித் துறவி கேட்டபோது, பித்தத்தால் வருவதுண்டு, கபத்தால் வருவதுண்டு, வாதத்தால் வருவதுண்டு, பருவ மாற்றத்தாலும் அடிபடுவதாலும் வருவதுண்டு என்று அடுக்கி, எட்டுக் காரணங்களில் கடைசியாகத்தான் வினையைச் சொன்னார் என்கிறது சம்யுத்த நிகாயம். எல்லாமே முன்வினை என்பவர்கள் கண்கூடாகத் தெரிந்ததையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் போகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. விநய பிடகத்தில் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட துறவி ஒருவர் தன் கழிவிலேயே கிடக்கிறார். யாரும் அண்டவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் உடம்பைக் கழுவ, தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு மற்றத் துறவிகளை அழைத்துக் காரணம் கேட்கிறார் புத்தர். அவரால் எங்களுக்கு எந்த உதவியும் இல்லை, அதனால் கவனிக்கவில்லை என்கிறார்கள். கட்டியதைவிட எடுத்தது அதிகம் என்று சொல்லும் காப்பீட்டுக் கணக்கும் இதுவேதான். உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரை ஒருவர் நீங்கள் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார் என்பது புத்தரின் மறுமொழியின் சாரம். துறவி செய்த வினை என்ன என்று அவர் விசாரிக்கவே இல்லை. நோய் வினைப்பயன்தான் என்று நம்புகிறவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: படுத்திருப்பவரின் பழைய வினை நமக்குத் தெரியாது, அவரைக் கடந்து போவது, தெரிந்தே நாம் செய்யும் வினை.

உடம்பு தற்செயலாக வாய்த்தது என்பதைச் சட்டமும் மெல்ல ஏற்றுவருகிறது. மரபணுக் கோளாறு என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி கிளெய்மை மறுப்பது அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு எதிரான பாகுபாடு என்று 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம். பிறப்பில் வாய்த்த மரபணுவுக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றால், பிறந்த ஆண்டுக்காக ஒதுக்குவது எப்படிச் சரியாகும்? தவிரவும், பிரித்துக்கொண்டே போவது காப்பீட்டையே தின்றுவிடும். ஒவ்வொருவரின் நோயையும் துல்லியமாகக் கணித்து, அதற்கேற்ற தொகையை அவரவரிடமே வாங்குவதானால் அது காப்பீடாக இருக்காது; மருத்துவச் செலவுக்கு முன்பணம் கட்டுவதாகவே இருக்கும். யாருக்கு வரும் என்று தெரியாத நிலையில் எல்லாரும் கூடிப் போடும் பணம் என்பதால்தான் அதற்குக் காப்பீடு என்று பெயர்.

‘குடித்துக் கெட்டவனுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்’ என்பது மக்கள் மனதில் ஆழமாக ஊறிய கேள்வி. பொறுப்பு என்பது உண்மையான விழுமியம். அதை நான் தள்ளவில்லை. ஆனால் பொறுப்பை எங்கே வசூலிப்பது என்று பார்க்க வேண்டும். பீடிக்கும் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் வாங்கும்போதே வரி வசூலாகிறது. தேர்வு நடக்கும் இடம் அதுதான். மருத்துவமனைக் கட்டிலில் தேர்வு எதுவும் நடப்பதில்லை. எந்த நோய் எந்தப் பழக்கத்தால் வந்தது என்று ஒற்றை ஆளின் உடம்பில் பிரித்துச் சொல்வதும் பெரும்பாலும் இயலாத காரியம். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. கடும் வெயிலா, குடிநீரா, பூச்சிமருந்தா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரணமே பிடிபடாத நோய்க்குக் குற்றவாளியை மட்டும் எப்படிப் பிடிப்பது?

இதைவிடக் கடினமான மறுப்பு இன்னொன்று. எல்லாருக்கும் ஒரே விலை என்றால், திடமாக இருக்கும் இளைஞர்கள் விலகிப்போவார்கள். நோய் வந்தபிறகு மட்டும் சேர்வார்கள். கட்டுபவர் குறைய பிரீமியம் ஏறும், ஏற ஏற இன்னும் பலர் விலகுவார்கள். இது கற்பனை அல்ல, நடக்கக் கூடியதுதான். முன்பே நோய் இருக்கிறது என்று யாரையும் மறுக்கக் கூடாது என 2010இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தபோது, அதோடு எல்லாரும் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் மானியத்தையும் சேர்த்ததற்குக் காரணம் இதுவே. 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் அந்நாட்டு அரசு முடங்கியதும் அந்த மானியத்தில் பின்னர் கூட்டிய பகுதியை நீட்டிப்பது பற்றிய சண்டையில்தான். ஆனால் இந்த மறுப்பு பொதுவிலையை வீழ்த்தவில்லை. ‘விரும்பியவர் சேரலாம்’ என்பதைத்தான் வீழ்த்துகிறது. நெதர்லாந்து 2006இல் தனியார் நிறுவனங்களை வைத்துக்கொண்டே இதைச் செய்தது. அங்கே எல்லாரும் அடிப்படைக் காப்பீடு எடுத்தாக வேண்டும். நிறுவனம் யாரையும் மறுக்க முடியாது. ஒரே பாலிசிக்கு இருபது வயதுக்காரரும் எண்பது வயதுக்காரரும் ஒரே பிரீமியம் கட்டுகிறார்கள். நோயாளிகள் அதிகம் சேர்ந்த நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கிடைக்கிறது. வருமானம் குறைந்தவருக்கு அரசு உதவுகிறது. ஆகவே தடையாக இருப்பது கணிதம் அல்ல. இளைஞர் இன்று கூடுதலாகக் கட்டுவதும் தானம் அல்ல. தன் முதுமைக்கு அவரே முன்கூட்டிக் கட்டும் பங்கு அது.

காப்பீடு இருந்தால் மக்கள் தேவையில்லாமல் மருத்துவமனைக்கு ஓடுவார்கள் என்பவர்களுக்கு 1970களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் நடத்திய பெரும் பரிசோதனை பதில் சொல்கிறது. கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தவர்கள் மருத்துவத்தைக் குறைத்துக்கொண்டது உண்மை. ஆனால் தேவையற்றதையும் தேவையானதையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைத்துக்கொண்டார்கள். வலி வந்தவருக்கு எது அவசியம் என்று தெரியாது. மருத்துவருக்குத் தெரியும், பில் போடும் மருத்துவமனைக்கும் தெரியும். செலவுக்குக் கடிவாளம் போட வேண்டிய இடம் அதுதான். ஒரே அறுவைச் சிகிச்சைக்கு ஊருக்கொரு விலை, காப்பீடு உண்டு என்றதும் இன்னொரு விலை என்று இருக்கும்வரை, நீக்கிய வரியின் பலனை அடுத்த ஆண்டுப் புதுப்பித்தல் தொகை விழுங்கிவிடும்.

நமக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 கட்டில் கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை) ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவருக்கு இவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கும் பணிவிடைப் பெண்களுக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்கிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். செலவை ஊர் விளைச்சல் தாங்கியது. ஆனால் அந்தக் கட்டில்கள் கோயில் ஊழியருக்கும் அங்கே படித்த மாணவருக்கும் உரியவை. வயலில் நெல் விளைவித்தவர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார். 2003இல் கர்நாடகத்தின் யசஸ்வினி திட்டம் ஆண்டுக்கு 60 ரூபாயில் கூட்டுறவு விவசாயிகளை அப்படியொரு வட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லாருக்கும் ஒரே தொகை.

இன்று தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். 70 வயது நிறைந்தவருக்கு வருமானம் பார்க்காமல் ஒன்றிய அரசு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு தருகிறது. இப்படி நடுவில் விடுபட்டு, எந்தக் காப்பீடும் இல்லாதவர்கள் நாடெங்கும் சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இல் கணக்கிட்டது. அவர்களை வயதும் நோயும் கேட்காமல், வருமானத்துக்கேற்ற தொகையில் ஒரே தொகுப்பில் சேர்க்க வேண்டும். குறைவதை அரசு கட்ட வேண்டும். பிரீமியத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இதைக் கேளுங்கள், வேட்பாளரிடமும் கேளுங்கள். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் ஜவுளிக்கடை ஒன்றில் மாதம் 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கும் 58 வயதுக்காரரை நினைத்துக்கொண்டு கேளுங்கள். சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டதால் அவருக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லை. கடை சிறியது என்பதால் இ.எஸ்.ஐ. இல்லை, அந்தச் சம்பளத்தில் தனியார் பாலிசி கட்டுப்படியாகாது. 70 வயதாக அவருக்கு இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன.