‘நெக்ஸ்ட்’ அழுத்துமுன் நிமிர்ந்து உட்காருங்கள்!

திரையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. இந்த வீடியோவைத் திறக்க முடியவில்லை, கோடெக் இல்லை என்கிறது. அடியில் வாயில் நுழையாத ஒரு பிழை எண். அவ்வளவுதான்! பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற ஆள், வங்கி மேனேஜரிடமே வாதாடிக் கடன் வாங்கிய ஆள், ஒரே நொடியில் சுருங்கிப் போகிறார். “எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் ஒத்து வராதுப்பா” என்று பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனைக் கூப்பிடுகிறார். பையன் வருகிறான். ‘கோடெக் பேக்’ என்று கூகுளில் தட்டுகிறான். முதலில் கண்ணில் பட்டதை இறக்குகிறான். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். உள்ளே என்ன ஏறியது? அவனுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

நிமிர்ந்து உட்காருங்கள்! அது உங்கள் காசில் வாங்கிய கணினி. அதில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். “எனக்குத் தெரியாது” என்பதை ஏதோ பிறவிக் குறைபோலச் சொல்லிப் பழகிவிட்டோம். தெரியாதது தப்பில்லை. தெரிந்துகொள்ள அரை மணி நேரம்கூட ஒதுக்காமல் சாவியை அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் தப்பு.

முதலில் விஷயத்தைப் பிடியுங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி., எம்.ஓ.வி. என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது வெறும் டிபன் கேரியர். உள்ளே சாம்பார் சாதமா தயிர் சாதமா என்று கேரியரைப் பார்த்துச் சொல்ல முடியாது. படத்தை ஒரு முறையில் சுருக்கி ஒரு தட்டிலும், ஒலியை வேறொரு முறையில் சுருக்கி அடுத்த தட்டிலும் வைத்திருப்பார்கள். அப்படிச் சுருக்கவும் திரும்ப விரிக்கவும் தெரிந்த நிரல்தான் கோடெக். பல கோடெக்குகளை ஒரே மூட்டையாகக் கட்டித் தருவது கோடெக் பேக். சுருக்காமலே வைத்தால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920-க்கு 1080 புள்ளி, புள்ளிக்கு மூன்று பைட், நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு நொடிக்கே ஏறக்குறைய 155 மெகாபைட். ஒரு மணி நேரக் கல்யாண வீடியோ அரை டெராபைட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் இத்தனை கோடெக்குகள் பிறந்தன.

இப்போது மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஐபோனில் எடுத்த வளைகாப்பு வீடியோ உங்கள் லேப்டாப்பில் ஓடவில்லை என்று வையுங்கள். 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல், பல ஐபோன்கள் எச்.இ.வி.சி. என்ற கோடெக்கில் பதிவு செய்கின்றன. எச்.265 என்பதும் அதுதான். 2003-இல் வந்த எச்.264-ஐவிட இது கோப்பை இன்னும் சிறிதாக்கும். ஆனால் அதன்மேல் காப்புரிமைகள் குவிந்து கிடக்கின்றன; உரிமக் கட்டணம் கேட்கும் கூட்டமைப்பும் ஒன்றல்ல. அதனால் மைக்ரோசாப்ட் தன் ஸ்டோரில் எச்.இ.வி.சி. நீட்சியைத் தனிப் பொருளாகவே விற்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 99 சென்ட். புரிகிறதா? உங்கள் கணினி பழுதில்லை. உங்கள் மூளை மந்தமில்லை. எங்கோ சில நிறுவனங்களுக்கு நடுவே ஓடும் காப்புரிமைக் கணக்கு உங்கள் வீட்டுத் திரையில் கறுப்பாகத் தெரிகிறது. இதற்குப் போய் “நான் லாயக்கில்லை” என்று தலை குனிவதா?

குனியாதீர்கள், கவனியுங்கள். சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு என்றால் கேரியர் திறந்துவிட்டது, படத்தின் கோடெக்தான் குறை. படம் ஓடுகிறது, எல்லாரும் வாயசைக்கிறார்கள், சத்தமே இல்லை என்றால் ஒலியின் கோடெக் இல்லை, எம்.கே.வி. கோப்புகளில் பெரும்பாலும் டி.டி.எஸ். ஒலிதான் இந்த வேலையைச் செய்யும். இரண்டும் இல்லை, திறக்கவே மறுக்கிறது என்றால் வேறு சந்தேகம் வர வேண்டும். பாதி காப்பியாகும்போதே பென் டிரைவைப் பிடுங்கிவிட்டார்களா? பதிவு ஓடும்போது போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டதா? எம்.பி.4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கருவிகள் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. அது எழுதப்படாத கோப்பை உலகத்திலுள்ள கோடெக் பேக் அத்தனையையும் ஏற்றினாலும் திறக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பேக் மேல் பேக்காக ஏற்றி, கடைசியில் ஓ.எஸ்.ஸையே மாற்றியவர்கள் உண்டு.

உறுதியாகத் தெரிய வேண்டுமா? மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பை அதன்மேல் இழுத்துப் போட்டால் வீடியோ இன்னது, ஆடியோ இன்னது, இத்தனை பிட் என்று வரிவரியாகச் சொல்லிவிடும். அந்த வரிகளைப் படித்துவிட்டு, “இது எச்.இ.வி.சி., பத்து பிட், ஒலி ஏ.ஏ.சி.” என்று உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். குரல் மாறுவது உங்களுக்கே தெரியும். சர்வீஸ் கடைக்காரரும் அதன்பின் உங்களிடம் வேறு மாதிரிதான் பேசுவார்.

பெயர் தெரியாமல் ஏற்றுவதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு. 2005 கடைசியில் ஸ்லாப் என்ற டிரோஜன் தலைகாட்டியது. அது போட்டுக்கொண்ட வேஷமே ‘வீடியோ கோடெக்’. படம் பார்க்க வேண்டுமானால் இந்தக் கோடெக்கை இன்ஸ்டால் செய் என்று சொல்லும். செய்தால் கதை முடிந்தது. அதே பாணியில் பரவிய டி.என்.எஸ். சேஞ்சர், நீங்கள் ஒரு முகவரியைத் தட்டினால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. நூறு நாடுகளுக்கு மேல், ஏறக்குறைய நாற்பது லட்சம் கணினிகள் சிக்கின. 2011 நவம்பரில் எஸ்தோனியர் ஆறு பேர் கைதானதை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது. ஏமாந்தவர்கள் எல்லாரும் முட்டாள்களா? இல்லை. அவசரப்பட்டவர்கள். “ஏதோ கேட்கிறது, கொடுத்துவிடுவோம்” என்று ஒரு கிளிக்கில் அனுமதி தந்தவர்கள். நீங்கள் தர வேண்டாம்! வீடியோ காட்டுகிற இடமே “இதை இறக்கு” என்று கெஞ்சினால், அந்தக் கணமே மூடுங்கள். யோசிக்கவே வேண்டியதில்லை.

நல்ல இடத்திலிருந்து வரும் நல்ல பேக்குகளும் சும்மா ஒரு மூலையில் கிடப்பவை அல்ல. விண்டோஸில் வீடியோவையும் ஒலியையும் ஓட்ட டைரக்ட்ஷோ என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில் ஒவ்வொரு கோடெக் ஃபில்டருக்கும் ஒரு தகுதி மதிப்பெண் இருக்கும். கோப்பைத் திறக்கும்போது அதிக மதிப்பெண் உள்ளது முன்னால் வந்து நிற்கும். நீங்கள் ஒரு பேக்கை ஏற்றி, அது போதாதென்று இன்னொன்றையும் ஏற்றினால் இரண்டும் முண்டியடிக்கும். டைரக்ட்ஷோவை நம்பியிருக்கிற எல்லா மென்பொருளிலும் இது எதிரொலிக்கும். எக்ஸ்.பி. காலத்தில் வீடியோக்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தாலே எக்ஸ்புளோரர் சரிந்து விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். சிறுபடம் காட்டுவதற்காக அது கூப்பிட்ட கோடெக்கே அதன் காலை வாரிவிட்ட கூத்து அது. அதனால் ஒரு கணினிக்கு ஒரு பேக்குக்கு மேல் ஆகவே ஆகாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

அப்படியானால் வழி? பெரும்பாலானவர்களுக்குப் பேக்கே வேண்டாம். வி.எல்.சி. போதும். அது கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. விண்டோஸில் என்ன ஏறியிருக்கிறது என்று எதிர்பார்த்து நிற்பதில்லை. அதை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? 1996-இல் பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரல் கல்லூரியில் படித்த மாணவர்கள். கல்லூரி வளாகத்து நெட்வொர்க்கில் வீடியோ ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. 2001-இல் அதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார்கள். விளம்பரம் சேர்த்தால் கோடிக்கணக்கில் தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக அதை முன்னின்று நடத்தும் ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் பலமுறை சொல்லியிருக்கிறார். வி.எல்.சி.க்குள் வேலை செய்யும் எஃப்.எஃப்.எம்பெக் என்ற நிரல்தொகுப்பை 2000-இல் தொடங்கியவர் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற ஒரு பிரெஞ்சுக்காரர். தனியொருவர் தொடங்கி வைத்தது இன்று உலகெங்கும் வீடியோவைச் சுமக்கிறது. அவர் எழுதியதைப் பயன்படுத்தவாவது நமக்குத் தைரியம் வேண்டாமா?

ஒன்று சொல்ல வேண்டும். 2022-இல், வி.எல்.சி.யை வெளியிடும் விடியோலான் அமைப்பின் தளம் இந்தியாவில் பல மாதங்கள் தடுக்கப்பட்டிருந்தது. அவர்கள் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பிக் கேள்வி கேட்ட பிறகு நவம்பரில் தடை நீங்கியது. இப்போது அவர்களின் சொந்தத் தளமே திறந்திருக்கிறது. வேறெங்கோ கிடைக்கும் நகலை எடுக்க இனிச் சாக்கு இல்லை.

பேக்கே வேண்டாம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. தேவை இருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில்தான் பார்ப்பேன் என்கிற அப்பாவுக்கு, ஃபோல்டரைத் திறந்ததும் ஒவ்வொரு வீடியோவுக்கும் சிறுபடம் தெரிய வேண்டும் என்கிற ஸ்டுடியோக்காரருக்கு, டைரக்ட்ஷோவை நம்பும் பழைய மென்பொருளை இன்னும் விடாமல் வைத்திருப்பவருக்கு அது உதவும். அவர்கள் தாராளமாகப் போடட்டும், ஆனால் எஜமானராக இருந்து போடட்டும்! கே-லைட் என்ற கோடெக் பேக் பேசிக், ஸ்டாண்டர்ட், ஃபுல், மெகா என்று நான்கு அளவில் கிடைக்கிறது. இலவசம்தானே என்று மெகாவைத் தூக்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். படம் பார்க்க மட்டும் என்றால் ஸ்டாண்டர்டே தாராளம். பிளேயர் கையிலிருந்தால் பேசிக் போதும். முதலில் ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்றை உருவாக்குங்கள். பழைய பேக் இருந்தால் நீக்குங்கள். பிறகு இன்ஸ்டாலரின் ஒவ்வொரு திரையையும் படியுங்கள். உங்களைக் கேட்காமல் டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்களைத் தேடுங்கள். வேண்டாததை எடுங்கள். ‘மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா’ என்று விண்டோஸ் கேட்கும்போது, கேட்பது யார் என்று வெளியீட்டாளர் பெயரைப் பார்த்துவிட்டு ‘யெஸ்’ சொல்லுங்கள். பிடிக்கவில்லையா, ‘நோ’ சொல்லுங்கள். அந்தப் பொத்தானும் உங்களுக்காகத்தான் இருக்கிறது.

எடிட்டிங் செய்யும் தம்பி, தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்றைய எடிட்டிங் மென்பொருள்களில் பெரும்பாலானவை தங்கள் கோடெக்கைத் தாங்களே வைத்திருக்கின்றன. பேக் போட்டால் அதில் கோப்பு திறந்துவிடும் என்று நம்பி இரவெல்லாம் உட்காராதீர்கள். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் எச்.264-ஆக மாற்றிக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

படம் திறக்கிறது, ஆனால் திக்கித் திணறி ஓடுகிறது என்றால் அதுவும் கோடெக் பேக்கின் பிரச்சினையல்ல. 4கே, பத்து பிட் எச்.இ.வி.சி.யைத் திணறாமல் விரிக்கச் சாதாரண லேப்டாப்பில் தனிச் சர்க்யூட் சிப்பிலேயே இருந்தால்தான் நல்லது. இன்டெலில் அது ஏழாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது. அதற்கு முந்தைய லேப்டாப் என்றால் வீடியோவைச் சின்னதாக மாற்றிப் பாருங்கள். உங்கள் பழைய கணினிக்காக யாரிடமும் கூச்சப்படத் தேவையில்லை.

ஓடாத அந்த வீடியோ இன்னும் டெஸ்க்டாப்பில்தானே கிடக்கிறது? யாரையும் கூப்பிடாதீர்கள். மீடியாஇன்ஃபோவில் போட்டு உள்ளே என்ன கோடெக் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வி.எல்.சி.யில் திறந்து பாருங்கள். ஓடினால் பேக் வேண்டாம் என்ற முடிவு உங்களுடையது. ஓடாவிட்டால், எந்த ஒன்றுக்காக எதை ஏற்றுகிறீர்கள் என்று அதே தாளில் எழுதிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பையன் வந்தால், அவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்.