வித்தையும் தேகமும்

ஞானத்தை நாடுபவனுக்குச் சரீரம் துணையா, தடையா என்னும் கேள்வி நம் நாட்டில் தத்துவ விசாரத்தோடு கூடவே பிறந்தது. ஆயினும் இன்று அது மடங்களைக் காட்டிலும் பல்கலைக்கழக விடுதிகளிலேயே அதிக உக்கிரத்துடன் எழுகின்றது. பரீட்சை நெருங்கியதும் உறக்கத்தைத் துறந்து, காலை உணவுக்குப் பதில் தேநீரை அருந்தி, தலைவலியைப் பொருட்படுத்தாது விடியும்வரை புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கும் மாணவன், தான் தவம் செய்வதாகவே நம்புகிறான். பெற்றோரும் அதனை அவ்வாறே போற்றுகின்றனர். அந்நம்பிக்கைக்கு நம் சாஸ்திரங்களில் ஆதாரம் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், வேதம் ஓதி முடித்த சீடனுக்கு ஆசாரியர் செய்யும் உபதேசம் ஒன்றுண்டு. பட்டமளிப்பு விழாக்களில் அது நினைவுகூரப்படுவதால், சத்தியத்தையும் தர்மத்தையும் பற்றிய அதன் கட்டளைகளைப் பலரும் அறிவர். அவற்றோடு ஒரே மூச்சில், தன் க்ஷேமத்தைப் பேணுவதில் அசட்டையாயிருத்தலாகாதென்றும் ஆசாரியர் விதிப்பதை நாம் கவனிப்பதில்லை. பிரம்மம் ஒன்றே சத்தியமென நிலைநாட்டிய சங்கரரும், அவ்விடத்துக்குப் பாஷ்யம் எழுதுகையில், தன்னைக் காத்துக்கொள்வதற்கான காரியங்களையே அது குறிப்பதாகக் கூறுகிறார். கீதையின் ஆறாம் அத்தியாயமோ, மிகையாக உண்பவனோடு உண்ணாதவனையும், மிகையாக உறங்குபவனோடு உறங்காதவனையும் யோகம் கைகூடாதவர்களாகச் சேர்த்தே விலக்குகின்றது. உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணிய திருமூலர், இறைவன் அதனுள்ளே கோயில் கொண்டிருக்கக் கண்டபின் அதைப் போற்றிக் காத்ததாகத் திருமந்திரத்தில் சொல்கிறார். துறவின் சிகரத்தில் நின்றோரே தேகத்தைப் பகையாகக் கொள்ளவில்லை.

தவம் என்பது தெளிந்த சித்தமுடையவன் தானே விரும்பி வகுத்துக்கொள்ளும் வரம்பு. தோல்வியை நினைந்து நடுங்கி விழித்திருப்பவனை ஆள்வது பயமே; அதற்கு விரதத்தின் புண்ணியம் இல்லை.

மேதைகள் இவ்வாறுதான் வாழ்ந்தார்கள் என்று சிலர் ராமானுஜனை உதாரணம் காட்டுவர். அவர் 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்று, யுத்தகாலத் தட்டுப்பாட்டினிடையே தம் சைவ உணவைத் தாமே சமைத்து, வேளை தவறி உண்டும் உறங்கியும் கணிதத்தில் ஆழ்ந்திருந்தார். 1917-ல் கடும் நோயுற்றார். 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ம் நாள், 32-ம் வயதில் மறைந்தார். அவருடைய புகழ்பெற்ற நோட்டுப் புத்தகங்களோ பெரும்பாலும் கப்பலேறுமுன்பே தமிழகத்தில் எழுதப்பட்டவை. அந்தக் கஷ்டம் அவர் மேதையை உண்டாக்கியதென்று கூற யாதொரு நியாயமுமில்லை.

ஆனால் பழியனைத்தையும் மாணவன்மேல் சுமத்துவது அநீதி. குருகுலத்தில் சீடன் உண்டதும் உறங்கியதும் ஆசாரியரின் இல்லத்திலேயாதலால், ஒருவன் இலையில் சோறு மிஞ்சினாலும் குருபத்தினி அறிந்திருப்பாள். பெரிய கலாசாலையில் மாணவன் ஓர் எண்ணாகிவிடுகிறான். அவன் பட்டினி கிடந்தாலும், தனிமையில் மனமுடைந்தாலும் எவருக்கும் தெரிவதில்லை. 1948-ல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், தத்துவ ஞானியான டாக்டர் ராதாகிருஷ்ணனின் தலைமையில், மாணவர் சேரும்போதும் பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இலவச வைத்தியப் பரிசோதனை நடத்த வேண்டுமெனச் சிபாரிசு செய்தது. அது செவ்வனே நிறைவேறினும், உள்ளத்தின் துயரம் வைத்தியரின் கருவிக்கு அகப்படாது. அருகிருக்கும் ஒருவர் அன்போடு வினவினாலன்றி அது வெளிப்படாது.

ஆகையால் ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்: வருகைப் பதிவேட்டில் பெயர்களை வாசிக்கும்போது முகங்களையும் பாருங்கள்; வாடிய முகமொன்று தென்பட்டால், வகுப்பு முடிந்ததும் அம்மாணவனைத் தனியே அழைத்து, உண்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள்.