உடைமையும் புகையும்

பொருளொன்றை உடைமையாகக் கொள்பவன் அதன் விளைவுகளுக்கும் உடையவனாவானா? யப்பானில் 2001இல் திருத்தப்பட்ட சட்டம், ரோக்கியோ, ஒசாகா, நகோயா பகுதிகளில், புகைமாசு வரையறைக்கு அமையாத டீசல் வாகனங்களைப் படிப்படியாக விலக்கியது. அத்தகைய பழைய ரொயோட்டா லாண்ட் குரூசரை இறக்குமதி செய்து, அரும்பொருளெனப் போற்றுவோர் அமெரிக்காவில் உளர். அங்குக் கூட்டாட்சி விதிகள், மூலநிலை மாறாது 21 ஆண்டு கடந்தவற்றுக்கு மாசு வரையறையினின்றும், 25 ஆண்டு கடந்தவற்றுக்குப் பாதுகாப்பு நியமங்களினின்றும் விலக்களிக்கின்றன.

பழையதைப் பழுதுபார்த்துப் பேணுதல் விரயத்தைத் தவிர்க்கும் என்பர். அது மதிக்கத்தக்க வாதமே. ஆயினும், டீசற் புகை மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பதெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. வயது கருதிச் சட்டம் விலக்களிக்கலாம். அயலாரின் நுரையீரல் அவ்விலக்கை அறியாது. இன்பம் உடையவனுக்கும் புகை அயலானுக்கும் எனப் பங்கிடுதல் அறமாகாது. ஆகவே, இயந்திரத்தைச் செம்மையாகப் பேணுதலும், நெரிசல்மிகு நகரில் அதனைச் செலுத்தாது விடுதலும் அவனது பெருந்தன்மையல்ல, கடனேயாம்.