தொங்கும் சக்கரத்தின் கணக்கு

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜா போகும் பாதையில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கதவு பச்சை, இன்னொன்று சாம்பல், பின்னால் முட்டைக்கோஸ் கூடைகள். என் நண்பனிடம் இருப்பது சீரீஸ் 3. அந்த வகை வண்டியின் உற்பத்தி 1985இல் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதையில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது என்று பின் அச்சுக்கு டிஃப் லாக் போட முடிவெடுத்தான். துணைக்கு நானும் ஃபோர்மன் பட்டறைக்குப் போனேன். போன இடத்தில், எங்கள் வீட்டில் ஏழு வருடமாகத் தீராத ஒரு கணக்கு எனக்குப் புரிய ஆரம்பித்தது.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று இழுபட்டுத் தேயும். அதனால்தான் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது. 1820களின் கடைசியில், நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கியவர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். இரண்டு சக்கரமும் அதனதன் வேகத்தில் சுற்றலாம், ஆனால் இரண்டுக்கும் போகும் திருப்புவிசை சமம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

சிக்கல் சேற்றில்தான் வருகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்குகிறது. இன்னொன்று கெட்டித் தரையில் நிற்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தொங்கும் சக்கரம் பறக்கிறது, தரையில் நிற்பது அசையவே இல்லை. பார்ப்பவர்கள், "எல்லா பவரையும் அந்தச் சக்கரம் தின்னுடுச்சு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஃபோர்மன் அண்ணே சிரித்தார்.

"அது ஒன்னும் திங்கலை தம்பி. அதுக்குப் புடிச்சுத் தள்ள எதுவும் இல்லை. இதுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் அதுக்கும். சமமா குடுக்கணும்ல? இதுக்கு சைபர்னா அதுக்கும் சைபர்தான்."

கையில் பிடித்திருந்த தேத்தண்ணி கிளாஸை அப்படியே கீழே வைத்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாங்கள் நாலு பேர். அண்ணன் சிங்கப்பூரில் இஞ்சினியர். அடுத்து அக்கா, அப்புறம் நான். தம்பி கிள்ளானில் லோரி ஓட்டுகிறான். பிசியோதெரபிக்கும் வீட்டோடு ஒரு ஆளை வைப்பதற்கும் மாதம் 2,000 வெள்ளி ஆகும் என்று கணக்குப் போட்டோம். அண்ணன் சொன்னார்: "யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம். நாலு பேரும் சமமா போடுவோம்." தம்பியால் 150தான் முடிந்தது. அப்போது அவனுக்குக் கைக்குழந்தை, லோரிக்கு மாதத் தவணை வேறு. "அப்படின்னா எல்லாரும் 150 போடுவோம். ஒருத்தர் கூட, ஒருத்தர் குறைச்சலுன்னா நாளைக்குப் பேச்சு வரும்" என்றார் அண்ணன். ஆக மொத்தம் 600 வெள்ளி. ஆள் வைக்கவில்லை. வாரம் இரண்டு முறை நடக்க வேண்டிய பயிற்சி, மாதம் இரண்டு முறை நடந்தது. அம்மாவின் வலது கை கடைசிவரை திரும்பவில்லை. ஒழுங்காகப் பயிற்சி கொடுத்திருந்தால் திரும்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இத்தனை வருடமும் தம்பியால்தான் இப்படி ஆனது என்றே உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அவன் மேல் என்ன தப்பு? அவன் காலுக்கடியில் தரை இல்லை. கெட்டித் தரையில் அசையாமல் நின்ற சக்கரம் நான். என்னிடம் 500 இருந்தது. 150 போதும் என்றபோது மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சமத்துவம் என்ற நல்ல வார்த்தைக்குப் பின்னால் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கியன் அறவியலின் ஐந்தாம் நூலில் இரண்டு விதமான சமத்தைப் பிரித்துக் காட்டுகிறார். எண்ணிக்கையில் சமம் ஒன்று, விகிதத்தில் சமம் இன்னொன்று. எதைப் பங்கிடும்போதும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் நீதி வராது என்பது அவர் கட்சி. அவர் பேசியது தகுதிக்கு ஏற்ற பங்கைப் பற்றி. சுமக்கும் பாரத்துக்கும் அதே கேள்வி உண்டு என்பது என் எண்ணம். லாக் செய்வதும் அதைத்தான். நண்பன் வாங்கியிருந்தது ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர். பொத்தானை அழுத்தினால் காற்று ஒரு பிஸ்டனைத் தள்ளும், உள்ளே பல் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். தள்ளும் விசை மட்டும் எதற்குப் பிடி இருக்கிறதோ அதன் வழியாகப் போகும். கொடுப்பது சமம் என்பது போய், நகர்வது சமம் என்றாகிறது. தொங்கும் சக்கரத்தை யாரும் கழற்றி வைப்பதில்லை. அதுவும் கூடவே சுற்றுகிறது. தரை தட்டிய நிமிடமே அதுவும் தள்ளும்.

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு நல்ல உபதேசமாக இருந்திருக்கும். ஆனால் ஃபோர்மன் அண்ணே கழற்றிப்போட்ட அரை அச்சை எடுத்துக் காட்டினார். டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் எஃகுக் கம்பி அது. பழைய லேண்ட் ரோவர்களில் அது உடைவதற்குப் பேர்போனது. "இவ்வளவு நாளா பாதி பாரம்தான் இதுல ஏறும். லாக் போட்டா சில நேரம் முழுசும் ஒரே பக்கம் ஏறும். வண்டி மேல ஏறிடும். ஆனா இனிமே ஏதாச்சும் உடையணும்னா இதுதான் உடையும். போடுறதா இருந்தா கனமான அச்சும் சேத்துப் போடு."

எங்கள் வீட்டில் லாக்கே இல்லை என்று நினைத்தேனே, அது தப்பு. லாக் இருந்தது. அக்கா.

ஆள் வைக்காததால் அக்கா ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு வந்து இருந்தாள். ஆறு வருடம் தூக்கிக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், இரவில் புரட்டிப் படுக்க வைத்தாள். அவள் முதுகு போய்விட்டது. வேலை இல்லாதபோதும் சேமிப்பிலிருந்து எடுத்து மாதாமாதம் அதே 150 வெள்ளியைப் போட்டாள். நாங்கள் வாங்கிக்கொண்டோம். சமம் அல்லவா!

பாரத்தை முடிந்தவர் தலையில் ஏற்றுவது சுலபம். அவருக்கு அச்சைக் கனமாக்கிக் கொடுத்தோமா என்று கேட்பதுதான் கஷ்டம். முடிந்தவர் சுமக்கட்டும் என்ற நியாயம் இரண்டாவது கேள்வியைக் கேட்காவிட்டால், ஒருவரை உடைத்து மற்றவர்கள் மேலே ஏறுவதாகத்தான் முடியும்.

அப்படியானால் எப்போதும் பூட்டியே வைத்துவிடலாமா? சிலர் செலவைக் குறைக்க உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவார்களாம். சேற்றில் பிரமாதமாகப் போகும். தார்ச்சாலைக்கு வந்தால் ஒவ்வொரு வளைவிலும் டயர் தேயும். மழையில் தாப்பா சாலையில் இறங்கும்போது பின்பக்கம் வழுக்கினால் அவ்வளவுதான். குடும்பமும் அப்படித்தான் என்று படுகிறது. சாதாரண நாளில் ஆளுக்கொரு வளைவு, ஆளுக்கொரு வேகம். தம்பியை எப்போதும் நாங்களே இழுத்துக்கொண்டிருந்தால் அது அவனுக்கும் நல்லதில்லை, அவன் மானமும் இடம் தராது. தன் பங்கைத் தானே போட வேண்டும் என்று 150 வெள்ளியோடு வந்து நின்றவன் அவன்.

மாலையில் வேலை முடிந்தது. பட்டறைக்குப் பின்னாலிருந்த சரிவில், ஒரு பின்சக்கரம் வாய்க்கால் மேல் தொங்கும்படி வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். "மாட்டுறதுக்கு முன்னாடியே பொத்தானை அழுத்து. சக்கரம் பறக்கிறப்போ அழுத்துனா பல்லு போயிடும். மேடு ஏறினதும் மறக்காம எடுத்துடு" என்றார் அண்ணே. புஸ்ஸென்று காற்றுச் சத்தம். ஒரு சக்கரமும் பறக்கவில்லை. வண்டி மெதுவாக, நடக்கிற மாதிரி மேலே ஏறியது.

அம்மா போன வருடம் தவறிப்போனார். இப்போது வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. அண்ணன் குடும்பக் குழுவில் எழுதியிருக்கிறார்: "பிரச்சினை வேண்டாம், நாலா பிரிச்சிடலாம்." தம்பி சரி என்று போட்டுவிட்டான். அக்காவும் சரி என்று போட்டிருக்கிறாள். அவள் எப்போதும் சரி என்றுதான் போடுவாள்.

நான் இன்னும் பதில் எழுதவில்லை. இந்த வாரம் அண்ணனைப் பார்க்க சிங்கப்பூர் போகிறேன். முதலில் அந்த ஆறு வருடத்தைக் கணக்கில் எடுப்போம், பிரிப்பதை அப்புறம் பேசுவோம் என்று நேரிலேயே சொல்லப்போகிறேன். போன தடவை நான் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டேன்.