பாதியில் நின்ற பாட்டு

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, வேளச்சேரியில் நம் பங்கின் அன்பியக் குடும்பங்கள் ஒன்றுகூடின. ஒவ்வொருவரும் தம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு பாடலைச் சொல்ல வேண்டும்; இயன்றால் பாட வேண்டும்; அது தமக்கு ஏன் வேண்டியதாயிற்று என்பதைச் சுருக்கமாகக் கூற வேண்டும். இதுவே அன்றைய ஏற்பாடு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தம் தாய் அரிசி புடைக்கும்போது முணுமுணுத்த மாதா பாட்டை நினைவுகூர்ந்தார். கணினித் துறையில் இருக்கும் இளைஞர் ஒருவர், இரவுப் பணி முடிந்து திரும்பும் வழியில் தம்மைத் தூங்கவிடாமல் காக்கும் திரைப்பாடலைச் சொன்னார். மறைக்கல்வி வகுப்பில் கற்ற பாட்டைச் சிறுமி ஒருத்தி கைவீசிப் பாடினாள். எல்லாரும் கைதட்டினோம்.

அதன்பின், பெரும்பாக்கத்திலிருந்து நம் பகுதிக்கு வீட்டு வேலைக்கு வந்து செல்லும் ஒரு தாய் எழுந்தார். நகருக்குள் ஆற்றங்கரையில் இருந்த குடிசை அகற்றப்பட்டு, பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களுள் ஒன்று அவருடையது. அவர் பாடத் தொடங்கியது ஒப்பாரி. அதில் மாண்டவர் எவருமில்லை, மாண்டது வீடு. இடிக்கப்பட்ட தம் குடிசையை, பெற்ற பிள்ளையை விளிப்பதுபோல் விளித்து அழுதார். நாலைந்து அடிகள் சென்றிருக்கும். கூட்டத்தில் ஒரு சங்கடம் பரவிற்று. அப்போது நாம் குறுக்கிட்டோம். "அம்மா, இன்றைக்கு மகிழ்ச்சியான பாட்டாக ஒன்று பாடலாமே" என்றோம். "சரிங்க சாமி" என்று சொல்லிப் புன்னகைத்து அவர் அமர்ந்துவிட்டார். வேறு பாட்டு எதையும் அவர் பாடவில்லை.

அன்றிரவு திருப்புகழ்மாலையைத் திறந்து, தாமதமாகிவிட்ட மாலைச் செபத்தைச் சொல்லத் தொடங்கினோம். வழக்கம்போல் அன்னை மரியாவின் பாடல் வந்தது (லூக் 1:46-55). அரியணைகள் கவிழ்வதையும், தாழ்ந்தோர் உயர்வதையும், பசித்தோர் நிறைவதையும், செல்வர் வெறுங்கையராய்த் திரும்புவதையும் பாடும் பாடல் அது. முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் நம் வாய் அதைச் சொல்லி வந்திருக்கிறது. அன்றுதான் அது நம்மைத் திருப்பிக் கேட்டது: வலியோரைப் பற்றியும் எளியோரைப் பற்றியும் ஓர் ஏழைப் பெண் பாடிய பாட்டை நாள்தோறும் செபமாகச் சொல்கிறவர், இன்னோர் ஏழைப் பெண் பாடியபோது ஏன் நிறுத்தினார்?

நிறுத்தியதற்கு நம்மிடம் ஒரு காரணம் இருந்தது. அன்றாட வாழ்வுக்கு உரிய பாட்டு வேறு, முறையீட்டுக்கும் போராட்டத்துக்கும் உரிய பாட்டு வேறு என்று நாம் எண்ணியிருந்தோம். முன்னது வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியது. பின்னது தெருவுக்கும் மேடைக்கும் உரியது. இந்தப் பிரிவினை சரிதானா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

நம் மக்களின் பாட்டு மரபு இப்பிரிவினையை அறியாது. நாற்று நடும் பெண்கள் களைப்புத் தெரியாதிருக்கப் பாடினார்கள். அதே மூச்சில் கூலியைக் குறைத்தளக்கும் பண்ணையாரைக் கேலியும் செய்தார்கள். தாலாட்டுப் பாடும் தாய், குழந்தையை உறங்கவைக்கும் சாக்கில் புகுந்த வீட்டின் குறைகளைப் பாடிவிடுகிறாள். ஒப்பாரியில் கைம்பெண், இறந்த கணவனை முன்னிட்டு, தனக்கு நேர்ந்த அநீதியை ஊரறிய உரைக்கிறாள். வேறெந்த வேளையிலும் வாய் திறக்க விடாத சமூகம் அப்போது மட்டும் அவளைக் கேட்டே ஆகவேண்டும். கடற்கரையில் வலை இழுப்போரின் அம்பாப் பாட்டில் உழைப்பும் மன்றாட்டும் ஒரே கயிற்றின் இரு புரிகள். சென்னையின் கானாவும் சாவு வீட்டுத் திண்ணையில் வளர்ந்ததே. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறை மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் அந்தக் கானாவைக் கொண்டே சாதிக்கு எதிராகப் பாடினார்கள். அந்தப் பாட்டுக்குள் துயரமும் கேள்வியும் முன்பே இருந்தன. மேடை மட்டுமே புதிது.

திருநூலும் இவ்வாறே. திருப்பாடல்கள் நூற்றைம்பதுள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை புலம்பல்கள். 'ஏன்' என்றும் 'எதுவரை' என்றும் ஆண்டவரையே கேட்கும் பாடல்கள் அவை. அவற்றை நீக்கிவிட்டு நன்றிப் பாடல்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இஸ்ரயேலும் எண்ணவில்லை; திருச்சபையும் எண்ணவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 119-ஆம் பத்தி, மக்களுக்கு உரிய இசை மரபுகள் அவர்களின் சமய, சமூக வாழ்வில் பெரும் இடம் பெறுகின்றன என்பதை ஏற்று, அவற்றுக்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் தக்க இடமும் தரப் பணிக்கிறது. அந்தப் பத்தியைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தோம். அது ஓர் ஒப்பாரியாக நம் முன் எழுந்து நின்றபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் இதற்கு அயல்நாட்டில் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை (1826-1889) நம்மவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவராக அவரைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தை மக்கள் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்பர். அப்போது அவர் பசித்தோருக்காகத் தம் பொருளைச் செலவிட்டார். பஞ்சத்தின் கொடுமையை இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளையும் பாடினார். 1878-இல் வெளிவந்த அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்கது. ஒரு கையில் பாட்டு, மறு கையில் சோறு; இரண்டும் ஒருவரிடமே இருந்தன என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அண்மைக் காலத்தில், மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு ஐயர், தென்னிந்தியத் திருச்சபையின் குரு. 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளிலேயே வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் இசையிலேயே இறைவனைப் பாடும்போது அவர்களுடைய மாண்பும் நிமிர்கிறது என்பது அவர் கொண்ட கருத்து.

அதிகாரம் பாட்டைக் கண்டு அஞ்சுவதும் பழைய செய்தியே. பாரதியார் திருவல்லிக்கேணியில் மறைந்தது 1921-இல். ஏழு ஆண்டுகள் கழித்து, 1928-இல், சென்னை மாகாண அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதாடினார். மறைந்த ஒருவரின் பாட்டைச் சிறைப்பிடிக்க ஓர் அரசு முனைந்தது என்றால், அந்தப் பாட்டு எத்தனை பேர் வாயில் உயிரோடு இருந்திருக்க வேண்டும்! 2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடக் கோரிப் பாடிய மக்கள் பாடகர் கோவன் திருச்சியில் கைது செய்யப்பட்டார்; தேசத்துரோகப் பிரிவும் அவர்மேல் சுமத்தப்பட்டது. தாளில் எழுதியதைக் கிழித்துவிடலாம்; நாவில் ஏறியதைக் கிழிக்க முடியாது. அன்று நாம் யாரையும் கைது செய்யவில்லை, கனிவாகவே பேசினோம். ஆயினும், கேட்க விரும்பாததை நிறுத்திவிட்டோம் என்ற அளவில் நம் செயலும் அந்த வரிசையில்தான் சேரும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். கூட்டம் முடிந்தபின் பெரியவர் ஒருவர் நம்மிடம், "ஃபாதர், நீங்கள் நிறுத்தியது நல்லது. வாரம் முழுதும் துன்பம்தான். கோயிலுக்கு வந்தாவது கொஞ்சம் ஆறுதல் வேண்டாமா?" என்றார். அவர் கூற்றைத் தள்ளிவிட முடியாது. களைத்த மனிதருக்கு இளைப்பாற்றும் பாட்டும் இறைவனின் கொடையே. பவுலும் சீலாவும் பிலிப்பி நகர்ச் சிறையில் நள்ளிரவில் பாடியது (திப 16:25) எவரையும் எதிர்த்து எழுப்பிய முழக்கமன்று; இறைபுகழ். எனினும் பிற கைதிகள் அதற்குச் செவிகொடுத்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். விலங்கு பூட்டப்பட்ட கால்களோடு ஒருவர் மகிழ்ந்து பாடுவதே சிறைக்குப் பெரிய மறுப்பு. எனவே எல்லாப் பாட்டும் போர்முரசாக வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் ஆறுதல் எவருக்கு என்று கேட்டாக வேண்டும். அன்று அந்தத் தாய்க்கு ஆறுதல் பாடுவதில் இருந்தது. நமக்கு ஆறுதல் அவர் பாடாதிருப்பதில் இருந்தது. நாம் நம் ஆறுதலைத் தேர்ந்துகொண்டோம்.

போராட்டப் பாட்டுக்கும் தனக்கே உரிய இடர்கள் உண்டு. முதலாவது, வெறுப்பு. பாபிலோனின் ஆறுகளருகே அமர்ந்து அழுத அகதிகளின் பாடலை (திபா 137) எவர் உருகாமல் படிக்க இயலும்? அதே பாடல், பகைவரின் குழந்தைகளுக்கும் கேடு நினைக்கும் கொடிய அடிகளில் முடிகிறது. சங்கத்திற்குப் பிந்திய திருப்புகழ்மாலையில் திருச்சபை அந்த இறுதி அடிகளை விட்டுவிட்டது. அழுகையை வைத்துக்கொண்டு பழிவெறியை விலக்கியது. துயரம் எவ்வளவு எளிதில் வஞ்சமாகத் திரியும் என்பதைத் திருச்சபை அறியும்.

இரண்டாவது இடர் நுட்பமானது; பாடியதே போதும் என்ற நிறைவு. இறைவாக்கினர் ஆமோஸ் வாயிலாக ஆண்டவர் தம் மக்களின் பாடல்களை இரைச்சல் என்று ஒதுக்கி, நீதியை வெள்ளமெனப் பெருகச் செய்யுமாறு கேட்கிறார் (ஆமோ 5:23-24). இங்கே ஒதுக்கப்படுவது கெட்ட பாட்டு அன்று. கோயிலில் பாடிய நல்ல பாட்டே. நீதியைப் பற்றிய பாட்டும் நீதிக்குப் பதிலாக வந்து அமர்ந்துகொள்ளக்கூடும்.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி. கருநாடக இசையில் பாடியவர் டி. எம். கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலால் தூர்ந்து போவதைப் பற்றிய பாட்டு அது. எவருக்கும் தனியுடைமை ஆகாமல் எல்லாருக்கும் பொதுவாய் இருந்த ஏரி, மேய்ச்சல் நிலம், கழிமுகம் ஆகியவற்றைக் குறித்த 'புறம்போக்கு' என்ற சொல், எப்படியோ நம் வாயில் வசைச்சொல் ஆகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு மதிப்பை மீட்டுத் தர முயன்றது அப்பாடல். நம் பங்கின் இளைஞர்கள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் கேட்கும் நாம் எங்கே அமர்ந்திருக்கிறோம்? சுருங்கிப்போன வேளச்சேரி ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் நடுவே. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்புநிலத்தின் நீர் தங்கும் பரப்பில் எத்தனை தெருக்கள் எழுந்துள்ளன! 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் நம் வாசற்படி ஏறி வந்தது. தன் பழைய இடத்தைத் தேடியே அது வந்தது. வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடிசைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டன. நீர்நிலைமேல் எழுந்த மாடிவீடுகள் பெரும்பாலும் நிலைத்து நின்றன. அந்தத் தாயின் ஒப்பாரி நமக்கு ஏன் சங்கடமாயிற்று என்பது இப்போது விளங்குகிறது. அதன் அடுத்த அடி நம்மைப் பற்றியதாக இருந்திருக்கலாம்.

ஆகவே நல்ல முறையீட்டுப் பாட்டுக்கு ஓர் அளவுகோல் சொல்லத் துணிகிறோம். அது துன்புறுவோரின் பெயரை மறைக்காமல் சொல்லும். பாடுகிறவரையும் கணக்குக் கேட்கும். பாடி முடித்தபின் ஒரு வேலையைக் கையில் கொடுக்கும். தென்னாப்பிரிக்காவில் எனோக் சொன்டொங்கா என்ற மறைபணிப் பள்ளி ஆசிரியர் 1897-இல் ஆப்பிரிக்காவுக்கு இறையாசி வேண்டி இயற்றிய ஞானப்பாடல், நிறவெறி ஆட்சிக்காலத்தில் விடுதலைப் பாட்டாகி, இன்று அந்நாட்டின் நாட்டுப்பண்ணில் இடம்பெற்றுள்ளது. ஆசி வேண்டும் செபம் எப்போது போராட்டமாயிற்று? அந்த ஆசியை மறுப்போர் ஆட்சியில் அமர்ந்தபோது. சொற்கள் மாறவில்லை, அதைப் பாடுவதற்கான விலைதான் மாறிற்று.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாயைக் காணப் பெரும்பாக்கம் சென்றோம். அன்று நிறுத்தியதற்காக வருந்துகிறோம் என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து பாட இயலுமா என்று கேட்டோம். "அது தானா வரணும் சாமி. கேட்டா வராது" என்றார். பாடவில்லை. ஆனால் பேசினார். வீடு மாறியதில் மகனின் படிப்பு நடுவாண்டில் நின்றது, வேலைக்கு வந்து போக நாளில் பாதி கரைவது, பழைய அண்டைவீட்டார் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியாதது, எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில் வரவேண்டிய அடுத்த அடிகள் அவையே என்று தோன்றிற்று. இப்போது நம் பங்கு இளைஞர் நால்வர், வாரம் இரண்டு மாலை அங்கே சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். மகன் மீண்டும் தேர்வுக்குப் படிக்கிறான். இது சிறிய வேலை. இடிந்த வீட்டுக்கு இது ஈடாகாது.

வாசகரே, உங்கள் வீட்டிலும் அன்பியத்திலும் உங்களுக்குப் பிடித்த பாடல்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மகிழ்ச்சிப் பாட்டுக்குக் குறைவில்லாமல் இடம் கொடுங்கள். எவரேனும் அழுகைப் பாட்டை எடுத்தால், அது முடியும்வரை பொறுத்திருங்கள். இன்று மாலை மரியாவின் பாடலைச் சொல்லும்போது, பாதியில் நின்ற அந்தப் பாட்டையும் உடன் வைத்துச் சொல்லுவோம். அடுத்த முறை அன்பியம் கூடுகையில் அந்தத் தாய் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாடுவதாகச் சொல்லவில்லை.