எனக்கு அது பிடிக்காது



ஒடியற் கூழ் காய்ச்சும் நாளில் ஒரு வீட்டைப் பாருங்கள். பின்னேரம் முற்றத்து அடுப்பில் பெரிய பானை ஏறும். நண்டும் இறாலும் மீன் தலையும் ஒருபுறம், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக் கிழங்கும் மறுபுறம், எல்லாம் ஒன்றாய் அவியும். ஒடியல் மாவை முன்னதாகவே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வார்த்துக் கசப்பைக் குறைத்து, பழப்புளியோடும் அரைத்த செத்தல் மிளகாயோடும் கரைத்து ஊற்றுவார்கள். பிறகு பலா இலையைக் கோலி ஆளுக்கு ஆள் வார்ப்பார்கள். மூத்த மகன் மூன்றாம் முறையும் இலையை நீட்டுவான். இளையவளோ மூக்கைப் பொத்திக்கொண்டு, “எனக்கு இது பிடிக்காது, பாண் தாங்கோ” என்பாள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே பானைக் கூழ்.

இப்படி நடுநிலை காணாத உணவுகள் சில உண்டு. பனாட்டை ஒருவர் கடித்துச் சுவைத்துக்கொண்டே இருப்பார். இன்னொருவருக்கு அதன் இனிப்புக்குப் பின்னால் வரும் கசப்பு மட்டுமே நாவில் நிற்கும். தென்னிலங்கையில் தூரியான் பழுக்கும் காலத்தில், தெருவோரத்தில் வண்டியை நிறுத்தி வாங்கி அங்கேயே பிளந்து உண்போரும் உண்டு, வண்டியின் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பறப்போரும் உண்டு. சிங்கப்பூரில் இப்பழத்தை ரயிலில் கொண்டுசெல்லவே தடை. ஆயினும் அதே ஊரில் அதற்கென்றே கடைகள் உள்ளன.

இது பிள்ளையின் பிடிவாதம் என்றும், செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் பயன் என்றும் நாம் எளிதாய்த் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். 1931ஆம் ஆண்டில் வெளியான ஒரு செய்தியை இங்கே சொல்லலாம். அமெரிக்காவில் டூபொன்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஆதர் பொக்ஸ் என்ற இரசாயன அறிஞர் ஒரு தூளைப் போத்தலில் இட்டுக்கொண்டிருந்தார். தூள் காற்றில் பறந்தது. அருகில் நின்ற தோழர், “என்ன கசப்பு!” என்று முறைப்பட்டார். தூளுக்கு அதிகம் கிட்ட நின்ற பொக்ஸின் நாவுக்கோ எவ்வித சுவையும் தெரியவில்லை. இருவரும் வாதாடினார்கள், பிறகு மற்றவர்களிடமும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குத் தாங்க முடியாத கசப்பு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. இந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது என்று பின்னர் கண்டார்கள். அதற்குரிய மரபணுவையும் 2003இல் இனங்கண்டார்கள். கோவா போன்ற மரக்கறிகளில் அந்தத் தூளை ஒத்த பொருட்கள் உண்டு. கொத்தமல்லி இலை சிலருக்குச் சவர்க்காரம்போல் மணப்பதற்கும் மரபணு வேறுபாட்டுடன் தொடர்பு இருப்பதாக 2012இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே, தாய்மாரே, பாவற்காய்க் கறியைத் தள்ளிவைக்கும் பிள்ளையை அடித்து ஊட்டாதீர்கள். சிறுவரின் நா வளர்ந்தோரின் நாவைவிடக் கசப்பைக் கூர்மையாய் உணரக்கூடியது. உங்களுக்கு இலேசான கசப்பாய்த் தெரிவது அவனுக்கு வேப்பங்காயாய் இருக்கலாம். சிறிது சிறிதாய், பல நாள், வற்புறுத்தாமல் முன்னே வையுங்கள், பெரும்பாலும் பழகிவிடுவான். பழகாவிட்டாலும் அது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றமல்ல. (தகப்பன்மாருக்கும் ஒரு சொல்: நீங்கள் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் கத்தரிக்காயைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.)

வேத புத்தகத்திலும் இந்த நாவின் கதை உண்டு. வனாந்தரத்தில் இஸ்ராயேல் மக்களுக்கு ஆண்டவர் மன்னாவைப் பொழிந்தார். அது கொத்தமல்லி விதையைப் போல் இருந்தது என்று யாத்திராகமமும் எண்ணாகமமும் கூறுகின்றன. தேன் கலந்த பணியாரத்தின் சுவை கொண்ட அதே மன்னா சிறிது காலத்தில் அவர்களுக்குத் தெவிட்டிப் போயிற்று. எகிப்திலே தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் உள்ளியையும் நினைத்து அழுதார்கள். அடிமைகளாய்ச் செங்கல் அறுத்ததை மறந்துவிட்டார்கள். உள்ளியின் மணத்தை மறக்கவில்லை. நாவின் ஞாபகம் அத்தகையது. அந்நிய தேசத்தில் பனிக்குளிரில் இருந்துகொண்டு, ஊரிலிருந்து வரும் பொதியில் புழுக்கொடியல் இருக்கிறதா என்று முதலில் தேடும் எமது பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

வாசகர்களே, இதுவரை சொன்னது நாவைப் பற்றியது. ஆனால் “எனக்கு அது பிடிக்காது” என்ற அதே சொல்லை நாவுக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்திலிருந்தும் நாம் சொல்வதுண்டு. அதைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தேன்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் கரையோரப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாய் இருந்தேன். ஒருநாள் பங்கின் முக்கியஸ்தர் ஒருவருடன் வீடு சந்திக்கப் போனேன். ஆலயத்துக்குப் பின்னால் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு சிறு வீடு. ஊர் அந்தக் குடும்பத்தை எந்த வரிசையில் வைத்திருந்தது என்பதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தாய் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அப்பொழுது என்னுடன் வந்தவர் மிகவும் பணிவாக, “எனக்குத் தேத்தண்ணி பிடிக்காது அம்மா, ஒத்துவாறேல்லை. சோடா எண்டால் குடிப்பன்” என்றார்.

அன்று காலை அவர் வீட்டிலே நானும் அவரும் இரண்டு முறை தேத்தண்ணி குடித்திருந்தோம்.

அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. மகனைக் கடைக்கு ஓடவிட்டார். காசு கொடுத்ததாகத் தெரியவில்லை, கடனுக்காய் இருக்கலாம். பையன் இரண்டு சோடா கொண்டுவந்தான். மூடி கழற்றி எனக்கும் ஒன்று நீட்டினார்கள். ஊற்றிய தேத்தண்ணி மேசையில் ஆறிக்கொண்டிருக்க, நான் அந்தச் சோடாவை வாங்கிக் குடித்தேன். மறுத்தால் உடன் வந்தவருக்கு அவமானமாகுமே என்று நினைத்தேன். அந்தத் தாய்க்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை.

அடைத்த போத்தலுக்கு வீட்டாரின் கை படுவதில்லை. அந்தச் சோடாவின் சுவை முழுவதும் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவரும் அந்தக் குடும்பமும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்கினார்கள். ஒரே அப்பம். அங்கே எவரும் “எனக்கு ஒத்துவராது” என்று சொல்லவில்லை.

இது இராயப்பருக்கே நேர்ந்த தவறு. யோப்பாவிலே மாடியில் அவர் பசியோடு செபித்துக்கொண்டிருந்தபோது, எல்லாவித விலங்குகளும் நிறைந்த விரிப்பு வானத்திலிருந்து இறங்கிற்று. மூன்று முறை அவருக்குச் சொல்லப்பட்டது. அதன்பின் அவர் கொர்னேலியுவின் வீட்டுக்குப் போனார், அங்கே தங்கினார். இத்தனைக்கும் பிறகு, அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த அதே இராயப்பர், யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து ஒதுங்கிக்கொண்டார். பர்னபாவும் கூடவே இழுபட்டுப் போனார். சின்னப்பர் அதை எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே கண்டித்தார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. இராயப்பரின் நாவில் ஒரு மாற்றமும் வரவில்லை. வந்தவர்களின் கண்களுக்கே அவர் பயந்தார். நான் சோடா குடித்ததும் அதே பயத்தினால்தான்.

இதே சின்னப்பர், மரக்கறி மட்டும் உண்பவர்களையும் எல்லாம் உண்பவர்களையும் பற்றி உரோமையருக்கு எழுதும்போது, ஒருவரை ஒருவர் இகழாமலும் தீர்ப்பிடாமலும் இருங்கள் என்று விட்டுவிடுகிறார். கோப்பையில் என்ன இருக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு கவலையில்லை. பந்தியிலிருந்து எழுந்து போவதைத்தான் அவர் பொறுக்கவில்லை. ஆண்டவரும் சீடரை அனுப்பும்போது, எந்த வீட்டில் ஏற்றுக்கொள்ளப்படுகிறீர்களோ அங்கே முன்னால் வைப்பதை உண்ணச் சொன்னார். எந்த வீடு என்று அவர் வரிசை பிரிக்கவில்லை.

சில மாதங்களின் பின் அதே வீட்டுக்கு, படுக்கையில் கிடந்த கிழவிக்கு நற்கருணை கொண்டுபோனேன். செபம் முடிந்து வெளியே வந்தால், மேசையில் ஒரு சோடாப் போத்தல் தயாராய் நின்றது. நான் கேட்கவில்லை. கேட்காமலே வைத்திருந்தார்கள். குருப்பட்டம் பெற்ற பின் எனக்குக் கிடைத்த கண்டனங்களில் அதைவிடக் கடுமையானது வேறொன்றில்லை.

குசினிப் பக்கம் கூழ் மணத்தது. “அம்மா, கூழோ?” என்றேன்.

அவர் தயங்கினார். “ஓம் சுவாமி. ஆனால் சுவாமிக்கு அது...”

“தாங்கோ அம்மா” என்று சொல்லிக் குசினி வாசலில் போட்டிருந்த பலகையில் இருந்துவிட்டேன். இலை கோலி வார்த்தார். வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒடியல் மாவின் அந்தக் காறலான மணம் சிறுவயதிலிருந்தே ஒத்துவருவதில்லை. முதலாவது இலையை எப்படியோ முடித்தேன். இரண்டாவதற்கு அகப்பையைத் தூக்கியபோது, “அம்மா, எனக்கு ஒடியல் மணம் மெய்யாகவே பிடிக்கிறேல்லை” என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அதை முதலே சொல்லியிருக்கலாமே, சுவாமி!” என்று சொல்லி, பானையின் அடியிலிருந்து நண்டுக் கால்களைத் தேடி எடுத்துத் தம் கையாலேயே உடைத்து என் கோப்பையில் வைத்தார். “அடுத்தமுறை வரேக்கை மாவைக் குறைச்சுப் போடுறன்” என்றும் சொன்னார்.

மூடி கழற்றாத அந்தச் சோடாவைப் பையன் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனான்.