நிற்கிற வண்டி

உங்கள் வீட்டில் ஓடாத வண்டி ஒன்று இருக்கிறதா?

அவசரப்பட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே, கோணிப்பை போர்த்தி, மேலே பழைய பேப்பர் கட்டும் உடைந்த குடையும் சுமந்துகொண்டு ஒன்று நிற்குமே, அதைத்தான் கேட்கிறேன். “அது நல்ல வண்டிதாங்க. சும்மா நிக்குது, அவ்வளவுதான்” என்பீர்கள்.

அந்த ‘சும்மா நிக்குது’ பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

ஓட்டினால் தேயும், ஓட்டாமல் வைத்தால் அப்படியே இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். ஓடித் தேய்ந்த வண்டியை அவர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவார். ஆறு வருஷம் சும்மா நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால்தான், “விட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்” என்பார்.

காரணம் இருக்கிறது. டேங்க்கில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் ஆவியாகி, கார்ப்பரேட்டருக்குள் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. தலைமுடி நுழைகிற அளவே இருக்கும் ஜெட் துவாரம் அடைத்துக்கொள்கிறது. இப்போது நம் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. பேட்டரியை யாரும் தொடாவிட்டாலும் அது தானாகவே இறங்கும். நிறைவாக இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டுவது, இறங்கியபடியே கிடந்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து, பிறகு சார்ஜ் போட்டாலும் ஏறாது. டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகும். பிரேக் கேபிள் துருப்பிடித்து உறைக்குள்ளேயே இறுகும். ஏர் ஃபில்டரில் எலி குட்டி போட்டிருக்கும். ஆக, ‘சும்மா’ நிற்கும் வண்டிக்குள் ஏகப்பட்ட வேலை நடந்துகொண்டிருக்கிறது. அத்தனையும் கெடுகிற வேலை.

குளிர் நாடுகளில் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். டொரொன்டோவில் இருக்கும் நம் தமிழர்களைக் கேளுங்கள். பனி கொட்டும் மாதங்களில் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாது. ஆகவே குளிர் வருவதற்கு முன்பே டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து கலந்து, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, டயர் தரையில் அழுந்தாமல் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். வசந்தம் வந்ததும் எழுப்புகிறார்கள். நிறுத்துகிற நாளிலேயே எழுப்புகிற நாளையும் நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

நமக்குப் பனிக்காலம் கிடையாது. அதனால் நம் வண்டிகள் நிற்கத் தொடங்கும் நாள் இன்னதென்று யாருக்கும் தெரிவதில்லை. மகன் துபாய் போனான், நின்றது. அப்பாவுக்கு முழங்கால் வலி, நின்றது. 2020 மார்ச் 25-ம் தேதி நாடே பூட்டிக்கொண்டது, நின்றது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டது, அந்த அப்புறம் வரவே இல்லை.

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வல்லக்கோட்டையில் வைத்துக்கொள்வோம். அருணகிரிநாதர் பாடிய முருகன் இருக்கும் ஊர். சுற்றிலும் ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று வண்டி செய்கிற தொழிற்சாலைகளாகவே முளைத்திருக்கும் பூமி. 2013-ல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு வந்தது. 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா ஆலை திறந்தது. அங்கே ஸ்கூட்டரும் செய்கிறார்கள். நம் கற்பனை வீட்டுப் பையன் இந்த மாதிரி ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். ஒரு ஷிஃப்டில் அவன் கண்ணெதிரே எத்தனையோ புது வண்டிகள் உயிர் பெற்று வெளியே போகின்றன. வீட்டுக்கு வந்தால் மாட்டுக்கொட்டகையில் அப்பாவின் பழைய சேத்தக் நிற்கிறது. அப்பா போய் ஆறு வருஷம். வண்டி நின்றும் ஆறு வருஷம்.

“அந்த வண்டியை எடைக்குப் போட்டுடலாம்மா. இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது.”

“உங்கப்பா உட்கார்ந்த வண்டிடா. இருந்துட்டுப் போகட்டும். உன்னை சோறா கேக்குது?”

இதில் யார் பக்கம் நியாயம்? சொல்லுங்கள் பார்ப்போம்.

பெரியவர்கள் பலர் பையன் பக்கம் பேசியிருக்கிறார்கள். செல்வம் என்பது வைத்திருப்பதில் இல்லை, பயன்படுத்துவதில்தான் இருக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஜான் லாக் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒருவன் கெட்டுப்போவதற்கு முன் பயன்படுத்தக்கூடிய அளவுக்குத்தான் இயற்கையிலிருந்து எடுத்துக்கொள்ள அவனுக்கு உரிமை, கெடவிட்டால் அது அடுத்தவன் பங்கு என்றார். பணம் கெடாது, அதனால்தான் மனிதன் அளவில்லாமல் சேர்க்க ஆரம்பித்தான் என்று சொன்னவரும் அவரேதான். நம் வள்ளுவரோ ‘நன்றியில் செல்வம்’ என்று தனி அதிகாரமே வைத்து, யாருக்கும் உதவாதவன் பணத்தை ஊர் நடுவே பழுத்த நச்சு மரத்தோடு ஒப்பிட்டுவிட்டார்.

சரி, பையன்தான் ஜெயித்தான் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். பாரி வருகிறார்.

தமிழனுக்குத் தெரிந்த மிகப் பெரிய ‘நின்ற வண்டி’ பாரியின் தேர். படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்கொடிக்காக ஓடுகிற தேரை நிறுத்திவிட்டு இறங்கிப் போன மனிதர். அரிஸ்டாட்டில் கணக்குப்படி அது வீண். ஒரு குச்சி நட்டிருந்தால் போதாதா என்று பள்ளிக்கூடத்தில் நாமே கேட்டிருக்கிறோம். ஆனால் ஈராயிரம் வருஷமாக நாம் ஞாபகம் வைத்திருப்பது ஓடிய தேர்களை அல்ல, நின்ற அந்த ஒரே தேரைத்தான்.

ஆக, நிற்பது எல்லாமே வீண் இல்லை. அம்மாவுக்கு அந்த ஸ்கூட்டர் ஒரு கொம்பு. அவர் மனசு அதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. எடைக்குப் போட்டால் கிடைக்கும் பணம் எத்தனை, அந்தக் கொம்பு போனால் ஆகும் நஷ்டம் எத்தனை என்று தராசில் வைத்துப் பார்க்க முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாரி தேரை நிறுத்தினார். நம் வண்டிகள் நின்றுவிட்டன. நிறுத்துவது ஒரு முடிவு. நின்றுவிடுவது முடிவெடுக்காமல் நழுவுவது. நம் கொட்டகையிலும் சுரைக்கொடி படர்ந்திருக்கும்தான். அது நாம் கொடுத்ததல்ல, கேட்பாரில்லாமல் தானாக ஏறியது. வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜை அன்று ஓடாத வண்டிக்கும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். எலுமிச்சம்பழமும் வைக்கிறோம். ஸ்பார்க் பிளக்கை மட்டும் கழற்றிப் பார்ப்பதில்லை!

‘அப்பா ஞாபகம்’ என்று அம்மா சொல்வது சத்தியமென்றால், அந்த ஞாபகத்துக்கு ஒரு கடமையும் உண்டு. அப்பா அந்த வண்டியை எப்படி வைத்திருந்தார்? ஞாயிற்றுக்கிழமை துடைத்தார். ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றினார். கிளம்பாத நாளில் ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தார். துருப்பிடிக்க விடுவது எந்த வகையில் அவர் ஞாபகம்? பையனுக்கும் இதே கேள்விதான். எடைக்குப் போடத் துடிப்பது இடம் வேண்டுமென்றா, அல்லது அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறதென்றா?

வீட்டுக்குள் நடப்பதுதான் ஊரிலும் நடக்கிறது. எந்த போலீஸ் ஸ்டேஷன் வாசலிலாவது நின்று பாருங்கள். வழக்கில் பிடித்த இருசக்கர வண்டிகள் மழையிலும் வெயிலிலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து செத்துக்கொண்டிருக்கும். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது: இப்படி வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டுவைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, தக்க ஜாமீனும் உத்தரவாதமும் வாங்கிக்கொண்டு உடனடியாக விடுவியுங்கள் என்று. ஆனாலும் குவியல் குறைந்தபாடில்லை. அந்த வண்டிகளில் ஒன்று ஒரு பால்காரருடையது, ஒன்று ஒரு கொத்தனாருடையது. வழக்கில் அவர் ஜெயித்தே வெளியே வந்தாலும் கையில் கிடைப்பது இரும்புதான். தீர்ப்புக்கு முன்பே தண்டனை முடிந்துவிடுகிறது.

வண்டிக்கே இப்படி என்றால் மனிதர்களை நினைத்துப் பாருங்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தபோது சுற்றுவட்டார கிராமத்துப் பெண்கள் பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. சில வருஷங்கள் கழித்து சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள, கட்டடத்துக்கு மறுவாழ்வு வந்தது. கட்டடம் காத்திருக்கும். வேலை பழகிய கை காத்திருக்குமா? வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை ‘சும்மா இருக்கார்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பேட்டரி மாதிரி அவரும் யாரும் தொடாமலேயே இறங்கிக்கொண்டிருப்பார், நமக்குத் தெரியாது.

சரி, நின்றதை எழுப்புவது எப்படி? இதில் மெக்கானிக் நமக்குக் குரு.

கற்றுக்குட்டி என்ன செய்வான்? நேராகப் போய் ஓங்கி உதைப்பான். நல்ல மெக்கானிக் கிக்கரைத் தொடவே மாட்டார். முதலில் பழைய பெட்ரோலை முழுசாக வடிப்பார். கெட்ட பெட்ரோலின் மேல் புதுசை ஊற்றினால் புதுசும் கெடும். பிறகு கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்வார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாகச் சில சொட்டு ஆயில் விட்டு, சற்று நேரம் விட்டுவைத்து, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்திப் பார்ப்பார். உள்ளே பிஸ்டன் நகர்கிறதா? நகர்ந்தால்தான் அடுத்த வேலை. வண்டி ‘டுப் டுப்’ என்று கிளம்பிவிட்டாலும் அவர் ஏறி உட்காரமாட்டார். பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார். ஓடத் தெரிந்து நிற்கத் தெரியாத வண்டி, நிற்கிற வண்டியைவிட ஆபத்து.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கும் மெக்கானிக்குகள் சொன்ன முதல் புத்திமதி, “தயவுசெய்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க” என்பதுதான். உள்ளே தண்ணீர் நிற்கும்போது எஞ்சினைச் சுழற்றினால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணீர் செய்யாத சேதத்தை நம் அவசரம் செய்துவிடும்.

பல வருஷம் பேசாமல் விட்ட அண்ணன் தம்பிகளுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். போன உடனே ஓங்கி உதைக்காதீர்கள். பழசை வடித்துவிட்டுப் போங்கள். மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

எல்லா வண்டியும் எழுந்துவிடும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சிலது எழாது. பதிவு 15 வருஷம் தாண்டியிருந்தால் புதுப்பிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும், செலவு கட்டுப்படியாகாமல் போகலாம். அப்போது எடைக்குப் போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்துவிட்டுப் போடுங்கள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். அல்லது, ‘இது இங்கேதான் நிற்கும், நான் துடைத்துக்கொள்கிறேன்’ என்று அம்மா சொன்னால், சரி, நிற்கட்டும். அது பாரியின் தேர். கேட்காமல், பார்க்காமல், முடிவெடுக்காமல் விடுவது மட்டும்தான் தப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லையென்றால், அந்தக் கோணிப்பையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்களேன். ஜாக்கிரதை, எலி இருக்கும்.